உங்களுக்குத் தெரியுமா? தாடையிலிருந்து ஏறும் தலைவலி

தைலம் தேய்க்கிற இடத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரல்நுனிகளை வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பற்களை ஒருமுறை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒன்று புடைத்து எழுகிறதா? அது உணவை மெல்லுவதற்கான தசை. பெயர் டெம்பொராலிஸ். காதுக்கு மேலே, மண்டையின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்து கிடக்கும். கீழே வரவர ஒடுங்கி, கன்ன எலும்புக்கு உட்புறமாக இறங்கிக் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி என்றதும் நாம் தைலம் தேய்க்கிற இடம் பெரும்பாலும் இந்தத் தசையின் மேல்தான். நாள் முழுக்கப் பல்லைக் கடித்தபடி வேலை பார்த்தவருக்குச் சாயங்காலம் நெற்றிப்பொட்டு கனப்பதற்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம்.

ஒரே எலும்பு, இரண்டு மூட்டு

காதுத்துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தாடை மூட்டு. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தாக வேண்டும். அதனால்தான் வலதுபக்கம் பல் வலிக்கிறதென்று மாதக்கணக்கில் இடதுபக்கமே மெல்லுகிறவருக்கு இரண்டு பக்கமும் தொந்தரவு வருகிறது. இந்த மூட்டு முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கும். இரண்டு வேலைக்கும் இடையில் குருத்துநார் வட்டு ஒன்று எலும்புகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும்.

இருபது நிமிடம் போதும்

ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய மொத்த நேரம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும் நொடிநேரம் தொட்டு விலகுவதையெல்லாம் கூட்டினால் வருகிற கணக்கு அது. மீதி நேரமெல்லாம் உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் விலகியிருக்க வேண்டும். இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை. வாயை மூடினால் பல்லும் சேர்ந்துதான் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இதைப் படிக்கிற இந்தக் கணத்தில் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

‘அவன்’ என்று சொல்லி நிறுத்துங்கள்

தாடைக்கு ஓய்வான நிலை எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ‘அவன்’ என்று சொல்லி, கடைசி ‘ன்’ ஒலியிலேயே நிறுத்துங்கள். நாக்குநுனி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டு நிற்கும். பற்கள் தாமாக விலகியிருக்கும். அப்படியே உதட்டை மூடிக்கொண்டால் போதும். கைப்பேசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதெல்லாம் இதை ஒருமுறை செய்து பார்த்தால், எத்தனை தடவை நாம் தெரியாமல் பல்லை இறுக்கியிருக்கிறோம் என்பது சில நாளிலேயே புரிந்துவிடும். தாடை வலிக்கென்று சொல்லப்படும் யோசனைகளில் செலவே இல்லாததும், நான் முதலிடம் கொடுப்பதும் இதுதான்.

443 கிலோ

1986-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் மனிதரின் கடிவிசைக்கு எல்லை எது என்று அளந்து வெளியிட்டார்கள். சராசரி ஆளுக்கு 74 கிலோ அளவில் நின்றது. ஒருவர் மட்டும் சுமார் இரண்டு நொடி 443 கிலோ விசையில் கடித்தார். அவர் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம் இருப்பவர்களில் சிலரின் கடிவிசை மற்றவர்களைவிட ஆறு மடங்கு வரை போகும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வலி ஓரிடம், உணர்வு வேறிடம்

முகம், பற்கள், தாடை மூட்டு, மெல்லும் தசைகள், நெற்றி, மூளையைச் சுற்றிய உறையின் பெரும்பகுதி எல்லாவற்றின் வலிச்செய்தியையும் சுமப்பது ஒரே நரம்பு. மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஐந்தாவது. மூன்று கிளைகளாகப் பிரிவது. ஒற்றைத் தலைவலியிலும் மையப் பாத்திரம் இந்த நரம்புக்குத்தான்.

இதோடு முடியவில்லை. இந்த நரம்பின் வலி இழைகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் போய்ச் சேரும் இடத்திலேயே, கழுத்தின் மேல் மூன்று நரம்புகளின் இழைகளும் வந்து சேர்கின்றன. ஒரே நரம்புச் செல்லுக்குத் தாடையிலிருந்தும் ஒரு செய்தி, பிடரியிலிருந்தும் ஒரு செய்தி. எது எங்கிருந்து வந்தது என்று மூளையால் எப்போதும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. தாடைத் தசையில் உள்ள வலியைக் கண்ணுக்குப் பின்னால் உணர்கிறவர்கள் உண்டு. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் உணர்ந்து, ஒன்றுமில்லாத அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் உண்டு. கன்னத்துத் தசையை அழுத்தினால் புருவத்தில் வலிக்கும். கழுத்துத் தசையை அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்கும். இப்படி எந்தத் தசையின் வலி எங்கே போய்த் தெரியும் என்று உடல் முழுவதற்கும் படம் வரைந்து தொகுத்தவர் ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய கையேட்டின் முதல் தொகுதி 1983-இல் வந்தது. அதிபர் கென்னடியின் சொந்த மருத்துவராக வெள்ளை மாளிகையில் இருந்தவரும் அவர்தான்.

காதுக்கு வந்தவர்கள்

தாடை மூட்டின் பெயரை மருத்துவ உலகில் பரப்பியவர் பல் மருத்துவர் அல்ல, காது மூக்கு தொண்டை மருத்துவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜேம்ஸ் காஸ்டன், காதடைப்பு, காதிரைச்சல், சைனஸ் வலி, தலைவலி என்று தன்னிடம் வந்த 11 நோயாளிகளைப் பற்றி 1934-இல் எழுதினார். அவர்களுடைய காதில் கோளாறு இல்லை. கடைவாய்ப் பற்கள் விழுந்து தாடை அளவுக்கு மீறி மூடுவதால் மூட்டு பின்னால் தள்ளி நரம்பை நசுக்குகிறது என்றார். நரம்பு அங்கே நசுங்க வாய்ப்பில்லை என்று உடற்கூறியல் அறிஞர்கள் பின்னால் காட்டினார்கள். காஸ்டன் கவனித்தது சரி, சொன்ன காரணம் தவறு.

ஆனால் அந்தத் தவறான காரணம் பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. கடி சரியில்லை, பல்லைத் தேய்த்துச் சரிசெய், உயர்த்து, நகர்த்து என்று ஒரு சிகிச்சை மரபே உருவாயிற்று. அதன் உச்சகட்டத் துயரம் 1980-களில் அமெரிக்காவில் நடந்தது. சேதமான வட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் பூசிய செயற்கை வட்டைப் பல்லாயிரம் பேருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் விசையில் அது துகள்துகளாக உதிர்ந்தது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் துகள்களைத் தாக்கும் போக்கில் சுற்றியிருந்த எலும்பையும் அரித்தன. சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி வரை அரிப்பு போயிற்று. 1990-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. வலி குறைய வேண்டும் என்று போனவர்கள், அதைவிடப் பெரிய வலியோடு வாழ வேண்டியதாயிற்று. தாடை மூட்டில் கத்தி வைப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் அனுபவம் இருக்கிறது.

காதின் எலும்புகள் ஒருகாலத்தில் தாடையில் இருந்தன

நம் நடுச்செவியில் உள்ள மூன்று சிற்றெலும்புகளில் இரண்டு, ஊர்வன இனத்து முன்னோர்களிடம் தாடை மூட்டாக இருந்தவை. பாலூட்டிகளில் தாடைக்குப் புது மூட்டு அமைந்தபோது, பழைய மூட்டின் எலும்புகள் சிறுத்துக் காதுக்குள் போயின. செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் நுண்தசைக்கு இன்றும் மெல்லும் தசைகளின் நரம்பிலிருந்துதான் ஆணை போகிறது. பல்லை இறுக்கினால் சிலருக்குக் காதிரைச்சல் கூடுவதும் குறைவதும் உண்டு.

தூக்கத்தில் முதலில் விழிப்பது எது?

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவரைப் பார்த்தால் மனதில் ஏதோ கோபம் என்று தோன்றும். தூக்க ஆய்வுக்கூடங்களில் பார்த்தது வேறு. முதலில் உடலின் பரபரப்பு நரம்புகள் கூர்மையாகின்றன. அடுத்து, கடிப்பதற்குச் சில நொடி முன்பாக மூளை அலைகளில் ஒரு நுண்விழிப்பு தெரிகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. அதற்கப்புறம்தான் தாடைத் தசை இயங்குகிறது. தாடை இந்த வரிசையின் கடைசிக் கண்ணி. ஆழ்ந்த தூக்கத்தில் இது குறைவு. மேலோட்டமான தூக்கத்தில்தான் அதிகம். சிகரெட்டும் மதுவும் அளவுக்கு மிஞ்சிய காபியும் இந்த நுண்விழிப்புக்குத் தோதானவை.

பெரியவர்களில் 100-க்கு 8 பேர் தூக்கத்தில் பல் கடிப்பதாக 1994-இல் வெளியான கனடா நாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று சொன்னது. வயது ஏற ஏற இது குறைகிறது. 60 தாண்டியவர்களில் 3 பேர்தான்.

அதிகம் கடிப்பவருக்குக் குறைவான வலி

நம்ப முடியாததுபோல் இருந்தாலும், தூக்க ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது வெளிப்பட்டது இது. இரவெல்லாம் பலமாகக் கடிக்கிறவர்களைவிட, குறைவாகக் கடிக்கிறவர்களிடமே காலை நேரத் தாடைவலியும் தலைவலியும் கூடுதலாக இருந்தன. பல் தேய்ந்திருக்கிறது, ஆகவே தலைவலிக்குக் காரணம் பல்கடிதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. தேய்மானம் பத்து வருடத்துக்கு முன் நடந்ததாகவும் இருக்கலாம். புளிப்பும் குளிர்பானமும் அரித்ததாகவும் இருக்கலாம்.

வலியோடு நெருக்கமான தொடர்பு பகல்நேரப் பழக்கத்துக்கே என்று மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள். சத்தமே வராது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கணக்கு முடிக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் அடக்கும்போது பல் இறுகுகிறது. லேசான இறுக்கம்தான். மணிக்கணக்கில் நீடிப்பதுதான் தசையைச் சோரவைக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில்

2020-இல் இஸ்ரேலிலும் போலந்திலும் ஒரே கேள்வித்தாளை வைத்து ஊரடங்கின்போது ஆய்வு செய்தார்கள். தாடைவலியும் பல் கடிக்கும் பழக்கமும் கூடியிருப்பதாகவே இரு நாட்டிலும் தெரிந்தது.

எழுந்ததும் தலைவலியா?

காலையில் கண்விழிக்கும்போதே இரு நெற்றிப்பொட்டும் மந்தமாக வலித்து, பல் துலக்கிக் காபி குடித்துக் கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகிறதென்றால் இரவில் தாடை இறுகியிருக்கலாம். ஆனால் அதே வலி, உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து வந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாகவும் இருக்கலாம். அதற்குப் பல் மருத்துவரிடம் பல்லுக்கு உறை செய்து இரவில் மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடக்கூடாது. மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கெடுக்கக்கூடியது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்லும் சாட்சி இங்கே பரிசோதனை அறிக்கைக்குச் சமமான மதிப்புடையது. அதைக் கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

உறுதி செய்வது எப்படி?

தாடைக் கோளாறால் வரும் தலைவலி என்று உலகத் தலைவலிச் சங்கத்தின் 2018 வகைப்பாட்டில் தனி இடமே இருக்கிறது. மெல்லும்போதோ வாயை அகலத் திறக்கும்போதோ பல்லை இறுக்கும்போதோ அந்த வலி கூட வேண்டும். மருத்துவர் நெற்றிப்பொட்டுத் தசையை அழுத்தினாலோ தாடையை அசைத்தாலோ வலி எழ வேண்டும். இங்கே ஒரு நுட்பம். அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆகவே நல்ல மருத்துவர் வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தமாட்டார். ‘நீங்கள் வழக்கமாகச் சொல்கிற தலைவலி இதுதானா?’ என்று கேட்பார். ஆமாம் என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு பதில், ஸ்கேன் படம் தராத தகவலைத் தருகிறது.

ஒற்றைத் தலைவலியும் தாடையும் ஒன்றையொன்று தூண்டும்

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் தாடைவலி அதிகம். தாடைவலி உள்ளவர்களிடம் மைக்ரேன் அதிகம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதைவிட, இரண்டும் ஒரே நரம்புப் பாதையைக் கிளறிவிடுகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். பிரேசிலில் இரண்டும் சேர்ந்திருந்த பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். மைக்ரேன் தடுப்பு மாத்திரை ஒருபக்கம், பல்லுறை ஒருபக்கம், இரண்டும் சேர்த்து ஒருபக்கம் என்று பிரித்துப் பார்த்ததில், மைக்ரேன் தெளிவாகக் குறைந்தது இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே. தலைவலிக்கு ஒரு மருத்துவர், தாடைக்கு இன்னொருவர், இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை என்கிற ஏற்பாட்டில் நோயாளி நஷ்டப்படுகிறார்.

‘சைனஸ் தலைவலி’ என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரு வார்த்தை கேளுங்கள். அமெரிக்காவில் அப்படிச் சொல்லி வந்த கிட்டத்தட்ட 3,000 பேரைப் பரிசோதித்ததில் 88 சதவீதம் பேரின் வலி மைக்ரேன் வகையாக இருந்தது. ஆய்வு 2004-இல் வெளியானது.

‘டக்’ என்று சத்தம் வந்தால்?

வாயைத் திறக்கும்போது காதருகே ‘டக்’ என்று கேட்கிறது, ஆனால் வலியில்லை, வாயும் தாராளமாகத் திறக்கிறது. இதற்கு வைத்தியம் தேவையில்லை. வட்டு சற்று இடம் மாறி, திரும்பத் தன் இடத்தில் ஏறும் ஒலி அது. மக்களில் பலருக்கு இருப்பது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுவது. அடிக்கடி சத்தம் வந்துகொண்டிருந்து, திடீரென ஒருநாள் சத்தம் நின்று, வாய் பாதிதான் திறக்கிறதென்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

மூன்று விரல் நுழையுமா?

உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் சுமார் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்கிறது, இயல்பு. நுழையாவிட்டால் காரணம் தேட வேண்டும்.

நம் நாட்டில் இந்தச் சோதனைக்குப் பல நாடுகளில் இல்லாத ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. பாக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் 1952-இல் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே மும்பையில் மருத்துவர் ஜோஷி அதை விவரித்துப் பெயரிட்டார். கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, நார்பட்டைகளாக இறுகி, வாய் மெல்லமெல்லத் திறக்க முடியாமல் போகும் நோய் அது. காரம் பட்டால் வாய் எரிவது ஆரம்ப அடையாளம். ரசம்கூடக் காந்துகிறது என்று சொல்பவரிடம் பாக்கு போடும் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். இதைத் தாடை மூட்டுக் கோளாறு என்று நினைத்துப் பயிற்சி செய்துகொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து. இது வாய்ப்புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் அறிவித்தது. சின்னச் சின்னப் பொட்டலமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வாசனைப் பாக்கு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

50 வயதுக்கு மேல் புதிதாக வந்தால்

இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 50 தாண்டியவருக்கு இதுவரை இல்லாத தலைவலி. தலை சீவினால் மண்டைத்தோல் நோகிறது. சாப்பிட ஆரம்பித்துச் சில நிமிடத்தில் தாடை கடுக்கிறது. மெல்லுவதை நிறுத்தினால் விட்டுவிடுகிறது. மறுபடி மென்றால் மறுபடி கடுக்கிறது. இது மூட்டுக் கோளாறாக இல்லாமல், நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் வீங்கி அடைபடும் நோயாக இருக்கலாம். மெல்லும் தசைக்குப் போகும் இரத்தம் குறைவதால் வரும் கடுப்பு அது. மூட்டுவலியோ முதல் கவளத்திலேயே, வாயைத் திறந்ததுமே வலிக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே அடைப்பு கண் நரம்புக்குப் போகும் குழாயில் ஏற்பட்டால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. சந்தேகம் வந்ததுமே இரத்தப் பரிசோதனை செய்து, ஸ்டீராய்டு மருந்தைத் தாமதமின்றித் தொடங்குவார்கள். இரத்தக்குழாய்த் துணுக்குப் பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திருக்கமாட்டார்கள். இந்நோய் வட ஐரோப்பிய வம்சத்தவரிடம் அதிகம், நம்மிடம் அரிது. அரிது என்பதாலேயே தவறவிடப்படுகிறது.

இன்னொன்று: மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறதா? நேரே இதய மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை பல் கடித்தால் வயிற்றில் பூச்சியா?

நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. பூச்சிமருந்து கொடுப்பதில் வேறு நன்மை இருக்கலாம். பல்கடி நிற்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குழந்தைகள் பலரும் தூக்கத்தில் கடிக்கிறார்கள், நிலைப்பற்கள் முளைத்து வளரும் காலத்தில் பெரும்பாலோருக்குத் தானே நின்றுவிடுகிறது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறதா என்று பாருங்கள். மூக்கடிச் சதையோ டான்சிலோ பெருத்திருந்தால் அதைக் கவனிப்பதுதான் உதவும்.

மாத்திரையும் காரணமாகலாம்

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிக்கும் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் தாடை இறுகத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த மாத்திரை காக்கிற உயிர் தாடைவலியைவிடப் பெரியது.

எதிர்த்திசையில் இன்னொரு மாத்திரைக் கதை. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கிற வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். காஃபீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். தாடைவலிக்கென்று ஆரம்பித்து இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டவர்கள் பலர்.

இரவு உறை என்ன செய்யும், என்ன செய்யாது?

பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்துதரும் கெட்டியான உறை பல்லைத் தேய்மானத்திலிருந்து காக்கும். கடிப்பதை நிறுத்தாது. சிலருக்கு வலி குறையும், சிலருக்கு ஒரு மாற்றமும் இராது. பல் தேய்ந்து பொடிகிறவர் போட்டுக்கொள்வது நியாயம். தலைவலி ஒன்றுக்காகவே விலையுயர்ந்த உறை வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட தாடைவலிக்கான சிகிச்சைகளை அலசியது. பயிற்சியாளரின் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, தசை நீவல், வலியைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை, வீட்டில் செய்யும் நீட்சிப் பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லித் தைரியம் தருதல் ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் உறைக்கும் போடாக்ஸ் ஊசிக்கும் நிபந்தனையோடு வேண்டாம் என்றது. பல்லின் நிலையையே நிரந்தரமாக மாற்றிவிடும் உறைக்கும், வட்டை வெட்டி எடுக்கும் அறுவைக்கும் திட்டவட்டமாக வேண்டாம் என்றது. விலை குறைந்தவை பயன் தருகின்றன, விலை கூடியவை சந்தேகத்துக்குரியவை. மருத்துவத்தில் இப்படி அமைவது அபூர்வம். சாதாரணக் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி.

போடாக்ஸ் பற்றி ஒரு திருத்தம் தேவை. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் வரும் நாட்பட்ட மைக்ரேனுக்கு அந்த ஊசி அமெரிக்காவில் 2010 முதல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடுகிறார்கள். அவற்றில் எட்டு இடம் நெற்றிப்பொட்டின் மெல்லும் தசையில்.

சில வாரத்துக்கு இட்லியும் இடியாப்பமும்

வலி அதிகமுள்ள நாட்களில் முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு, முரட்டுப் பரோட்டா, சூயிங்கம் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். கொய்யாவை அப்படியே கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். நகம் கடிப்பது, பேனா மூடியைக் கடிப்பது, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்குவது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் 15 நிமிடம் வைத்தால் தசை இளகும். பயந்துகொண்டு மாதக்கணக்கில் கஞ்சியோடு நிறுத்திவிடவும் கூடாது. மூட்டுக்கு மிதமான அசைவு வேண்டும்.

கொட்டாவியில் பூட்டிக்கொண்ட வாய்

பெரிதாகக் கொட்டாவி விட்டதும் தாடை நழுவி, வாய் மூட முடியாமல் நின்றுபோவது சிலருக்கு நடக்கும். கட்டைவிரல்களை வாய்க்குள் கடைவாய்ப் பக்கம் வைத்து, மற்ற விரல்களால் மோவாயைப் பிடித்து, கீழே அழுத்திப் பின்னே தள்ளி ஏற்றுவது மருத்துவர்கள் இன்றும் செய்யும் முறை. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் மோவாய்க்கடியில் என்ற இதே கைப்பிடி எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். அப்படி நழுவும் சுபாவம் உள்ளவர்கள் கொட்டாவி வரும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டி, மோவாய்க்கடியில் கைமுட்டியை முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது?

முதலில் குடும்ப மருத்துவர் அல்லது பல் மருத்துவர். சொத்தைப் பல்லோ ஞானப்பல்லோ இல்லை என்று உறுதியானபின், தலைவலி மேலோங்கியிருந்தால் நரம்பியல் மருத்துவர். வாய் திறக்காமல் பூட்டிக்கொண்டால் வாய் முக அறுவை மருத்துவர். தசை இறுக்கம் மட்டும் என்றால் இயன்முறை மருத்துவர். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான துறைகள் உண்டு. போகும்போது ஒரு தாளில், எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று இரண்டு வாரக் குறிப்பு எடுத்துப் போங்கள். யாராவது முதல் சந்திப்பிலேயே பல்லைத் தேய்க்க வேண்டும், வரிசையை மாற்ற வேண்டும், மூட்டைத் திறக்க வேண்டும் என்றால், உடனே ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.